இது புற்றுநோயா? குழந்தைகளின் ஹிஸ்டியோசைட் நோய்கள்

குழந்தைகளுக்கான ரத்தநோய்ப் பிரிவில் பெற்றோர் முதலில் கேட்பது, ‘இது புற்றுநோயா?’ என்பதைத்தான். லுகேமியா என்றால் மருத்துவர் ‘ஆம்’ என்பார். தலசீமியா என்றால் ‘இல்லை’ என்பார். ஹிஸ்டியோசைட் நோய்கள் என்ற சிறு கூட்டத்தைப் பற்றிக் கேட்டால் மட்டும் சற்றுத் தயங்குவார். இக்கூட்டத்தில் ஒரு நோய் இன்று புற்றுநோய் வகையில் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆனாலும் கைக்குழந்தைகள் சிலருக்கு அது மருந்தே இல்லாமல் மறைந்துவிடுகிறது. இன்னொன்று புற்றுநோயே அல்ல. ஆனால் அதன் கடுமையான வகையில் புற்றுநோய் மருந்து கொடுக்காவிட்டால் குழந்தை சில வாரங்களில் இறந்துபோகக்கூடும். நோயின் பெயரோ அது சேர்க்கப்பட்ட வகையோ சிகிச்சையைச் சொல்லிவிடுவதில்லை. உயிரணுவில் எது பழுதானது என்று தெரிந்த பிறகே சிகிச்சை துலங்குகிறது. இந்த நோய்களின் நூற்றாண்டு கடந்த வரலாறு காட்டுவது இதைத்தான்.

விழுங்கும் அணு, காட்டிக்கொடுக்கும் அணு

ரத்த வெள்ளையணுக்களில் பல வகை உண்டு. எலும்பு மஜ்ஜையில் பிறந்து, ரத்தம் வழியே பயணித்து, தோல், கல்லீரல், நிணநீர்க் கணு, எலும்பு போன்ற திசுக்களில் குடியேறும் ஒரு குடும்பத்துக்கு ஹிஸ்டியோசைட்டுகள் என்று பெயர். அதில் இரு கிளைகள் முக்கியம். கிருமிகளையும் செத்த அணுக்களையும் விழுங்கிச் செரிப்பவை மேக்ரோஃபேஜ்கள். அந்நியப் பொருளின் துணுக்கைப் பிடித்துவந்து டி அணுக்களுக்குக் காட்டி, போருக்கு ஆள் திரட்டுபவை டென்ட்ரைட் அணுக்கள்.

இரண்டும் 19ஆம் நூற்றாண்டிலேயே கண்ணில் பட்டவை. 1868இல் பெர்லினில் மருத்துவ மாணவராக இருந்த பால் லாங்கர்ஹான்ஸ், தோலின் மேலடுக்கில் கிளைவிட்ட அணுக்களைக் கண்டு, நரம்போடு சேர்ந்தவை என்று கருதினார். அவை நோய் எதிர்ப்பு அணுக்கள் என்று தெளிவாக ஒரு நூற்றாண்டு ஆனது. 1882இல் இத்தாலியின் மெசினாவில் எலீ மெச்னிக்கோஃப், நட்சத்திர மீனின் இளம்புழுவுக்குள் முள்ளைக் குத்திவைத்து, அதைச் சூழ்ந்துகொண்ட நகரும் அணுக்களைக் கண்டார். விழுங்கணுக் கோட்பாடு அதிலிருந்து வளர்ந்தது. 1908இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது.

குழந்தைகளிடம் காணப்படும் ஹிஸ்டியோசைட் நோய்களில் பெரிய இரண்டும் இந்த இரு கிளைகளின் பக்கம் ஒவ்வொன்றாக நிற்கின்றன. லாங்கர்ஹான்ஸ் அணு ஹிஸ்டியோசைட்டோசிஸ் (எல்.சி.ஹெச்.) என்பதில் டென்ட்ரைட் அணுவைப் போன்ற அணுக்கள் தாமே பிறழ்ந்து பெருகுகின்றன. ஹீமோஃபேகோசைட்டிக் லிம்ஃபோஹிஸ்டியோசைட்டோசிஸ் (ஹெச்.எல்.ஹெச்.) என்பதில் மேக்ரோஃபேஜ்களிடம் பிறவிக் குறை எதுவும் இல்லை; ஓயாமல் வரும் கட்டளையால் அவை வெறிகொண்டு, சொந்த உடலின் ரத்த அணுக்களையே விழுங்குகின்றன.

பல பெயர்களில் ஒரு நோய்

1893இல் ஃபிலடெல்ஃபியாவின் ஆல்ஃபிரெட் ஹேண்ட் என்ற குழந்தை மருத்துவர், ஓயாத தாகமும் மிகுதியான சிறுநீரும் கொண்ட மூன்று வயதுச் சிறுவனைப் பற்றி எழுதினார். அவனுக்குக் கண்கள் பிதுங்கியிருந்தன. மண்டையோட்டில் ஓட்டைகள் இருந்தன. அது காசநோய் என்று ஹேண்ட் நினைத்தார். வியன்னாவின் ஷுல்லரும் பாஸ்டனின் கிறிஸ்டியனும் பின்னர் இதுபோன்ற நோயாளிகளை விவரிக்க, மூவர் பெயரும் சேர்ந்து நோய்க்குப் பெயராயின. 1924இல் ஜெர்மனியின் லெட்டரரும் 1933இல் சுவீடனின் சிவேயும் வேறொரு தோற்றத்தை எழுதினார்கள்: தோல் முழுதும் தடிப்பு, வீங்கிய கல்லீரல், மண்ணீரல், சில மாதங்களில் இறக்கும் கைக்குழந்தை. எலும்பில் ஒற்றைக் கட்டியோடு, வேறு தொல்லையின்றி வளரும் பிள்ளைகளும் இருந்தார்கள். அதற்கு ஈசினோஃபிலிக் கிரானுலோமா என்று இன்னொரு பெயர்.

எலும்பு நோயியல் அறிஞர் லிக்டன்ஸ்டைன் 1953இல் இவை யாவும் ஒன்றே என்றார். காரணம் தெரியாததால் ‘ஹிஸ்டியோசைட்டோசிஸ் எக்ஸ்’ என்று பெயரிட்டார். எலெக்ட்ரான் நுண்ணோக்கி வந்தபின், லாங்கர்ஹான்ஸ் அணுவுக்குள் டென்னிஸ் மட்டை வடிவில் நுண்துகள்கள் இருப்பதை 1961இல் பிர்பெக் கண்டார். அதே துகள்கள் ‘எக்ஸ்’ நோயின் அணுக்களிலும் உண்டு என்பதை வைத்து, 1973இல் பாரிஸின் நெசலோஃப் இரண்டையும் இணைத்தார். 1985இல் ஹிஸ்டியோசைட் சங்கம் உருவானது. 1987இல் அது வெளியிட்ட வகைப்பாட்டோடு இன்றைய பெயர் நிலைபெற்றது.

நோய்க்குப் பெயர் கிடைத்துவிட்டது. அதன் இயல்பு பற்றிய வழக்கு தீரவில்லை. கிருமிக்கு எதிரான மிகைவினையா, கட்டியா? 1994இல் இரு ஆய்வுக்குழுக்கள், புண்ணிலுள்ள லாங்கர்ஹான்ஸ் அணுக்கள் ஒரே தாயணுவின் வழித்தோன்றல்கள் என்று காட்டின. 2010இல் பாஸ்டனில் 61 மாதிரிகளைச் சோதித்தபோது, 57 விழுக்காட்டில் பிராஃப் என்ற மரபணுவில் ‘வி600இ’ என்ற ஒற்றைப் பிறழ்வு தென்பட்டது. மெலனோமா என்ற தோல் புற்றுநோயில் காணப்படும் அதே பிறழ்வு. பிராஃப் சரியாக இருந்த பலரிடம் அதே சமிக்ஞைப் பாதையின் அடுத்த கண்ணியான மேப்2கே1 மரபணு பழுதாகியிருந்தது. ‘பெருகு’ என்னும் கட்டளையை உயிரணுவின் மேற்பரப்பிலிருந்து கருவுக்குக் கொண்டுபோகும் பாதை அது. யாரும் கட்டளையிடாமலே அது இயங்கிக்கொண்டிருந்தது.

பிறழ்வு எந்தப் படியில் நேர்ந்தது என்பதும் நோயின் பரப்பை விளக்கியது. மஜ்ஜையின் மூல அணுவில் நேர்ந்தால் பழுது பல உறுப்புகளுக்கும் பரவுகிறது. திசுவில் குடியேறிய அணுவில் நேர்ந்தால் அந்த ஓரிடத்தோடு நின்றுவிடுகிறது. ஷுல்லரும் சிவேயும் கண்டவை வெவ்வேறு நோய்கள்போலத் தெரிந்ததற்கு இது ஒரு பதில். இது பெற்றோரிடமிருந்து வரும் பிறழ்வு அல்ல. குழந்தையின் உடலில் பின்னர் நேர்ந்தது. ஆகவே தாயோ தந்தையோ தம்மை நொந்துகொள்ள வேண்டியதில்லை.

பொடுகு, காதுச்சீழ், தாகம்

பதினைந்து வயதுக்கு உட்பட்ட பத்து லட்சம் குழந்தைகளில் ஆண்டுக்கு நான்கைந்து பேருக்கு எல்.சி.ஹெச். வருவதாக மேலைநாட்டுக் கணக்குகள் கூறுகின்றன. ஒன்று முதல் மூன்று வயதுவரை மிகுதி. அரிதாக இருப்பதைவிட, சாதாரண நோய்களின் தோற்றத்தில் வருவதே இதில் பெரிய சிக்கல். கைக்குழந்தையின் உச்சந்தலையில் மஞ்சள் பொருக்கு படியும்; எண்ணெய் தடவினாலும் களிம்பு பூசினாலும் மாதக்கணக்கில் போகாது. தொடை இடுக்கிலும் அக்குளிலும் செந்நிறத் தடிப்பு வரும். பூஞ்சைத் தொற்று என்று மருந்து கொடுப்பார்கள். காதில் சீழ் வடியும். சொட்டு மருந்துக்கு நிற்காது. பால்பற்கள் காலத்துக்கு முன்பே ஆடும். மண்டையில் மெத்தென்ற புடைப்பு தோன்றும். விழுந்து அடிபட்டதாக வீட்டில் நினைப்பார்கள்.

தோலுக்கு ஒரு மருத்துவர், காதுக்கு ஒரு மருத்துவர், எலும்புக்கு ஒரு மருத்துவர் என்று குழந்தை அலையும்போது, தனித்தனியாக எல்லாமே சாதாரணமாகத்தான் தெரியும். ஒரே கை மூன்றையும் ஒரே சீட்டில் எழுதும்போதுதான் சந்தேகம் எழும். உறுதிசெய்வது திசு ஆய்வு. எடுத்த திசுவில் சிடி1ஏ, லாங்கரின் என்ற இரு புரதங்களுக்கான சாயம் பிடித்தால் நோய் உறுதியாகும்.

மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியின் தண்டை நோய் தொட்டால், சிறுநீரைக் கட்டுப்படுத்தும் ஹார்மோன் நின்றுபோகும். குழந்தை இரவெல்லாம் தண்ணீர் கேட்கும். லிட்டர் லிட்டராகச் சிறுநீர் போகும். ரத்தச் சர்க்கரையோ சரியாக இருக்கும். இந்தக் குறை வந்துவிட்டால் பெரும்பாலும் திரும்புவதில்லை. டெஸ்மோபிரெசின் மருந்தை வாழ்நாள் முழுதும் எடுக்க நேரும். சிலருக்கு வளர்ச்சி ஹார்மோனும் குன்றும். மிகச் சிலருக்கு, நோய் அடங்கிப் பல ஆண்டுகள் கழித்து நடை தடுமாறும், படிப்பில் பின்னடைவு வரும். மூளை நரம்பணுக்கள் மெல்லத் தேய்வதன் விளைவு அது.

சும்மா இருப்பது முதல் இலக்கு மருந்து வரை

தோலோடு நிற்கும் நோய் பல கைக்குழந்தைகளுக்குத் தானே வற்றுகிறது. சிலருக்கு அது பின்னர் உள்ளுறுப்புகளுக்கும் பரவக்கூடும் என்பதால், மருந்து இல்லாவிட்டாலும் கண்காணிப்பு வேண்டும். எலும்பில் ஒற்றைப் புண் என்றால் சுரண்டி எடுப்பதோ ஸ்டீராய்டு ஊசியோ போதும். தட்டையாகிப்போன முதுகெலும்புக் கண்ணிகூட வளரும் பருவத்தில் பெருமளவு உயரம் மீள்வதுண்டு. இவர்களில் உயிரிழப்பு அநேகமாக இல்லை.

கல்லீரல், மண்ணீரல், மஜ்ஜை மூன்றும் ‘ஆபத்து உறுப்புகள்’. அவை தாக்கப்பட்டால் கீமோதெரபி கட்டாயம். முதல் மருந்துகள் வின்பிளாஸ்டினும் பிரெட்னிசோலோனும். வின்பிளாஸ்டின் வேறெங்கிருந்தோ வந்ததல்ல. நம் வீட்டு வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியின் சத்து. கனடாவில் நோபிளும் பீரும் 1950களின் இறுதியில் அதைப் பிரித்தெடுத்தார்கள். தமிழகத்தின் தென்மாவட்டங்களில் இச்செடி மானாவாரிப் பயிராகவே விளைகிறது. செடி வாசலில் இருக்கிறதே என்று இலையை அரைத்துக் கொடுப்பது மட்டும் நஞ்சைக் கொடுப்பதாகும். மருந்தின் அளவு மில்லிகிராமில் கணக்கிடப்படுவது.

மருந்தின் கால அளவே பன்னாட்டு ஆய்வுகளின் முக்கியப் பாடம். எல்.சி.ஹெச்.–3 ஆய்வில், ஆபத்து உறுப்புகள் தாக்கப்படாத பல்லுறுப்பு நோயில், ஆறு மாதச் சிகிச்சைக்குப் பின் 54 விழுக்காட்டினருக்கு நோய் திரும்பியது. பன்னிரண்டு மாதச் சிகிச்சைக்குப் பின் 37 விழுக்காட்டினருக்கே திரும்பியது. ஆபத்து உறுப்புகள் தாக்கப்பட்டவர்களில் ஐந்தாண்டு உயிர் பிழைத்தல் 84 விழுக்காட்டை எட்டியது. ‘பிள்ளை நன்றாக ஓடியாடுகிறதே, ஊசி எதற்கு?’ என்று பாதியில் நிறுத்தும் வீடுகளுக்குச் சொல்ல வேண்டிய எண்கள் இவை.

பிறழ்வு தெரிந்ததால் நேராக அதையே தடுக்கும் மாத்திரைகளும் வந்தன. பிராஃப் புரதத்தை முடக்கும் வெமுராஃபெனிப் மருந்தை ஐரோப்பாவில் 54 குழந்தைகளுக்குக் கொடுத்த அனுபவம் 2019இல் வெளியானது. எல்லோருக்குமே பலன் தெரிந்தது; உயிருக்குப் போராடிய குழந்தைகள் சில நாட்களில் தேறினார்கள். ஆனால் மருந்தை நிறுத்திய 30 பேரில் 24 பேருக்கு நோய் திரும்பியது. மாத்திரை பிறழ்ந்த அணுவின் வாயை அடைக்கிறது; மஜ்ஜையிலுள்ள அதன் வேரைப் பிடுங்குவதில்லை. எத்தனை ஆண்டு கொடுப்பது, வளரும் குழந்தைக்கு நீண்டகாலத்தில் என்ன ஆகும், விலையை யார் தாங்குவது என்பவை திறந்த கேள்விகள்.

அடங்காத எதிர்ப்பு

ஹெச்.எல்.ஹெச். வேறு கதை. 1952இல் எடின்பரோவின் ஃபார்குஹரும் கிளேரோவும் ஒரே குடும்பத்தின் இரு கைக்குழந்தைகள் காய்ச்சல், ரத்தச்சோகை, வீங்கிய மண்ணீரலோடு இறந்ததை எழுதினார்கள். மஜ்ஜையிலும் நிணநீர்க் கணுக்களிலும் விழுங்கணுக்கள் சிவப்பணுக்களை வயிற்றில் வைத்திருந்தன. விடை 1999இல் கிடைத்தது: பெர்ஃபோரின் என்ற புரதத்தின் மரபணு பழுது.

டி அணுக்களில் ஒரு பிரிவும் என்.கே. அணுக்களும் கொல்லும் தொழில் செய்பவை. வைரஸ் புகுந்த அணுவோடு ஒட்டி, பெர்ஃபோரினால் அதன் சுவரில் துளையிட்டு, உள்ளே நஞ்சைச் செலுத்தும். இலக்கு செத்தால்தான் சண்டை முடிந்தது என்று இரு தரப்பும் விலகும். துளையிட முடியாதபோது கொல்லும் அணு விலகாமல் இன்டர்ஃபெரான் காமா என்ற வேதிப்பொருளைச் சுரந்தபடியே நிற்கும். அதைக் கேட்டு மேக்ரோஃபேஜ்கள் மேலும் திரளும். அவை சுரப்பவற்றால் காய்ச்சல் ஏறும், ரத்தம் உறைவது கெடும், கல்லீரல் வீங்கும். பெர்ஃபோரின் சரியாக இருந்தும் அதைச் சுமக்கும் பைகளை வெளியே தள்ளும் புரதங்கள் பழுதானாலும் இதே கதிதான். அத்தகைய மரபணுக்கள் பின்வந்த ஆண்டுகளில் ஒவ்வொன்றாகக் கண்டறியப்பட்டன. இத்தகைய பழுதால் வரும் நோய்களில் இரண்டு பார்த்தாலே தெரிபவை: கிரிசெல்லி, செடியாக்–ஹிகாஷி. குழந்தையின் முடி வெள்ளிச் சாயலில் மின்னும். ஒரு முடியைச் சாதாரண நுண்ணோக்கியில் வைத்தாலே நிறத்துகள்களின் தாறுமாறான அடுக்கு புலப்படும்.

2004ஆம் ஆண்டின் வரையறை எட்டு அளவுகோல்களைத் தந்தது: காய்ச்சல், மண்ணீரல் வீக்கம், இருவகை ரத்த அணுக்களாவது குறைதல், டிரைகிளிசரைடு கூடுதல் அல்லது ஃபைப்ரினோஜன் குறைதல், ஃபெரிட்டின் 500க்கு மேல், மஜ்ஜையில் அணுவிழுங்கல், என்.கே. அணுக்களின் செயல் குறைதல், ரத்தத்தில் கரைந்த சிடி25 உயர்தல். இவற்றில் ஐந்து இருந்தால் நோய் என்று கொள்ளலாம். நோயின் பெயரிலேயே இருக்கும் அணுவிழுங்கல் தொடக்கத்தில் பலருக்குத் தென்படுவதில்லை. அது இல்லை என்பதால் நோய் இல்லை என்று ஆகாது. எல்லா ஊர்களுக்கும் எட்டும் துப்பு ஃபெரிட்டின்தான். 2008இல் டெக்சஸ் குழந்தைகளிடம் செய்த ஆய்வில், 10,000ஐத் தாண்டிய ஃபெரிட்டின் இந்நோயை 90 விழுக்காடு கூர்மையோடும் 96 விழுக்காடு துல்லியத்தோடும் சுட்டியது.

காய்ச்சல் நாட்டில் சந்தேகிப்பது எப்படி

மரபணு சரியாக இருக்கும் குழந்தைக்கும் கடுமையான தொற்று இதே நிலையை உண்டாக்கும். மேலைநாட்டு நூல்கள் எப்ஸ்டைன்–பார் வைரஸை முதலில் சொல்லும். இந்தியாவில் பட்டியல் நீளம்: டெங்கு, உண்ணிக் காய்ச்சலான ஸ்கிரப் டைஃபஸ், டைஃபாய்டு, மலேரியா, காசநோய், பீகார் பக்கம் காலா அசார். தட்டணு இறங்குவதும் கல்லீரல் வீங்குவதும் டெங்குவிலேயே உண்டு. எங்கே கோடு போடுவது?

காலக்கணக்கு ஒரு வழி. டெங்குவில் ஒரு வாரத்துக்குள் காய்ச்சல் விடும், பிறகு தட்டணு ஏறும். காய்ச்சல் விடாமல் நீள, மண்ணீரல் பெருக, தட்டணுவோடு ஹீமோகுளோபினும் இறங்கினால் ஃபெரிட்டின் பார்க்க வேண்டிய நேரம் அது. தேடிப் பார்ப்பது இன்னொரு வழி. ஸ்கிரப் டைஃபஸில் பூச்சி கடித்த இடத்தில் வலியற்ற கருத்த பொருக்கு இருக்கும். அக்குள், இடுப்பு மடிப்பு, காதுக்குப் பின்புறம் என்று குழந்தையின் உடல் முழுதும் பார்த்தால்தான் கிடைக்கும். கிடைத்தால் டாக்ஸிசைக்ளினோ அசித்ரோமைசினோ பல குழந்தைகளுக்குக் காய்ச்சலோடு ஹெச்.எல்.ஹெச். நிலையையும் சேர்த்து அடக்கிவிடும். காலா அசாரில் ஆம்ஃபோடெரிசின் அதே வேலையைச் செய்கிறது. இங்கே அவசரப்பட்டு கீமோதெரபி தொடங்குவது, தொற்றோடு போராடும் குழந்தையின் மஜ்ஜையை மேலும் ஒடுக்குவதாகும்.

மறுபக்கத் தவறும் உண்டு. தொற்று கிடைத்துவிட்டது என்பதற்காகப் பிறவிக் காரணத்தைத் தள்ளிவிட முடியாது. மரபணுப் பழுது உள்ள குழந்தைக்கும் முதல் பொறியைப் போடுவது பெரும்பாலும் ஒரு சாதாரணத் தொற்றுதான். ஒரு வயதுக்குள் வந்தால், திரும்பத் திரும்ப வந்தால், வலிப்போ நினைவு மங்கலோ சேர்ந்தால், உடன்பிறந்த குழந்தை இதேபோல் இறந்திருந்தால் மரபணு ஆய்வு தவிர்க்க முடியாதது. மூட்டுவாத நோயுள்ள குழந்தைகளிடம் இதே நிலை வேறு பெயரில் வருகிறது. அங்கே உயர் அளவு ஸ்டீராய்டே முதல் மருந்து.

அடக்குவதும் மாற்றுவதும்

பிறவி வகைக்கு 1980கள் வரை பதில் இல்லை. எட்டோபோசைடு என்ற மருந்து நோயைத் தணிப்பது 1980இலேயே தெரிந்தது. 1986இல் மஜ்ஜை மாற்றால் குணம் கிடைத்த செய்தி வந்தது. சுவீடனின் யான்–இங்கே ஹென்டர் முன்னின்று நடத்திய ஹெச்.எல்.ஹெச்.–94 ஆய்வு இரண்டையும் இணைத்தது: எட்டோபோசைடும் டெக்சாமெதசோனும் கொடுத்துச் சண்டையை அடக்கு, பிறகு மஜ்ஜையை மாற்று. 249 குழந்தைகளில் ஐந்தாண்டு உயிர் பிழைத்தோர் 54 விழுக்காடு. முன்பு ஏறக்குறைய எல்லோருமே இறந்த நோயில் அது பெரும் பாய்ச்சல். அடுத்துவந்த ஆய்வு அதை 61 விழுக்காடாக்கியது. இறந்தவர்களில் பலர் மாற்றுச் சிகிச்சை வரை தாங்காமல் இறந்தவர்கள்.

எட்டோபோசைடு புற்றுநோய் மருந்துதான். ஆனால் இங்கே அது கட்டியைக் கரைக்கவில்லை. வெறிகொண்ட டி அணுக்களைக் குறிபார்த்துக் கொல்கிறது. பழுதைப் புரிந்துகொண்டதால் வேறொரு வழியும் திறந்தது. பெர்ஃபோரின் இல்லாத எலிகளில் இன்டர்ஃபெரான் காமாவைத் தடுத்தால் அவை பிழைப்பதை 2004இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதைத் தடுக்கும் எமபலுமாப் என்ற எதிர்ப்பொருள் 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

பிறவி வகையில் பெரும்பாலானவை, பழுதான மரபணு தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளிப்படும். ஒவ்வொரு கருவுக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. தமிழகத்தில் நான்கில் ஒன்றுக்கும் மேலான திருமணங்கள் உறவுக்குள் நடப்பதாக ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. மாமன் மகளோ அக்கா மகளோ மணமகனோடு ஒரே முன்னோரின் பழுதைப் பகிர்ந்துகொண்டிருக்கும் வாய்ப்பு அந்நியரைவிடக் கூடுதல். இதைக் குற்றமாகச் சொல்லிப் பயனில்லை. நோயுற்ற குழந்தையின் மரபணுப் பழுது தெரிந்துவிட்டால் அடுத்த கருவைக் காலத்தே சோதிக்கலாம். மஜ்ஜை கொடுக்க முன்வரும் அண்ணனோ அக்காவோ அதே நோயைச் சுமக்கிறாரா என்று பார்த்துக்கொள்ளலாம். முழுப் பொருத்தமான கொடையாளர் இல்லாதபோது பாதிப் பொருத்தமுள்ள தாயோ தந்தையோ மஜ்ஜை தரும் முறையும் இன்று இருக்கிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1986இல் தொடங்கிய மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை இப்போது வேறு பல இந்திய நகரங்களிலும் நடக்கிறது. செலவும் காத்திருப்புமே இப்போது பெரிய தடைகள்.

அச்சம் வேண்டாத உறவுகள்

இதே குடும்பத்தில் சாதுவான நோய்களும் உண்டு. இளம்பருவ சாந்தோகிரானுலோமா என்பது தலையிலும் கழுத்திலும் தோன்றும் மஞ்சள் நிறக் குருக்கள். பெரும்பாலும் சில ஆண்டுகளில் தாமே மறையும். ரோசாய்–டார்ஃப்மன் நோயில் கழுத்து நிணநீர்க் கணுக்கள் பெரிதாக, வலியின்றி வீங்கும். காசநோய்க் கட்டி என்றோ லிம்ஃபோமா என்றோ மயங்கவைக்கும். திசு ஆய்வு அந்த மயக்கத்தைத் தீர்த்துவிட்டால், பலருக்குக் காத்திருப்பதே சிகிச்சை.

கேள்விக்குப் பதில்

‘இது புற்றுநோயா?’ என்று கேட்கும் பெற்றோருக்கு இன்று ஓரளவு நேர்மையான பதில் சொல்ல முடியும். எல்.சி.ஹெச். என்றால்: பிறழ்வால் பெருகும் அணு என்ற அளவில் ஆம்; ஆனால் அது எந்த உறுப்பைத் தொட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தே மருந்து. ஹெச்.எல்.ஹெச். என்றால்: இல்லை; ஆனால் புற்றுநோயைவிட வேகமானது, புற்றுநோய் மருந்தையே நாட நேரலாம், தொற்று காரணமானால் நாடாமலும் இருக்கலாம். பெயரைக் கேட்டு அஞ்சுவதோ பெயரைக் கேட்டு ஆறுதல் கொள்வதோ இரண்டுமே பயன்படாது.

இந்தத் தெளிவு பெரிய ஆய்வகங்களிலிருந்து வந்தது. அது குழந்தைக்குப் பயன்படுவது முதலில் பார்க்கும் மருத்துவரைப் பொறுத்தது. ஆறாத பொருக்கோடு காதுச்சீழும் தாகமும் சேர்ந்தால் ஒரு திசு ஆய்வு, விடாத காய்ச்சலோடு மண்ணீரலும் ரத்த அணுக்களும் மாறினால் ஒரு ஃபெரிட்டின்: மாவட்ட மருத்துவமனையிலேயே தொடங்கக்கூடிய இரண்டு சோதனைகள் இவை. புதிய மாத்திரைகளின் விலை இறங்கும்வரை காத்திருக்கத் தேவையின்றி, இப்போதே கூடுதல் குழந்தைகளைக் காப்பாற்றும் வழி இந்த இரண்டையும் காலத்தே கேட்டு எழுதுவதுதான்.